ஏரி நிறைய இன்டர்நெட்

பூவந்தாங்கல் ஏரியில் மூன்று கோடைக்குத் தண்ணீர் இல்லை. அரசாங்க இன்டர்நெட் இருந்தது. கரையில் நின்று பார்த்தால் அரிசி கழுவிய நீரின் நிறத்தில் தளும்பிக்கொண்டிருக்கும். காலை விட்டால் ஈரம் படாது, கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான். முழங்கால் ஆழத்தில் நின்றவர்களுக்கு எங்கேயோ ஒரு பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதும், வேறெங்கோ வெங்காயம் ஏலம் போவதும் காதில் விழுந்தன. கொக்குகள் வந்து ஒற்றைக்காலில் நின்று பார்த்துவிட்டு, மீன் கிடையாது என்று தெரிந்ததும் வாலாஜாபாத் பக்கம் போய்விட்டன. ஆடுகள் முகர்ந்து பார்த்துக் குடிக்காமல் திரும்பின. ஊர் ஜனங்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு வருஷம் இதே ஏரியில் ஊதா நிற நுரை ஆள் உயரத்துக்கு நின்றது. எந்தக் கம்பெனி விட்டது என்று கடைசிவரை தெரியவில்லை. அதைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவோ தேவலையாக இருந்தது.

நடந்தது இதுதான். ஒரகடம் சாலையில் உலகத்துக்கே செல்போன் செய்து அனுப்புகிறார்கள். பூவந்தாங்கல் பெண்களில் பாதிப்பேர் விடியுமுன்பே கம்பெனி பஸ் ஏறி அந்த லைனில்தான் நிற்கிறார்கள். ஆனால் அந்த போன் ஒன்றை ஊருக்குள் கொண்டுவந்தால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல் காட்டும். கொல்லன் தெருவிலேயே ஊசிக்குப் பஞ்சம். தனியார் கம்பெனிகள் வந்து பார்த்தன, வீடுகளை எண்ணின, கட்டுப்படியாகாது என்று போய்விட்டன. அப்புறம்தான் எல்லாப் பஞ்சாயத்துக்கும் கேபிள் தருவதென்று அரசாங்கம் முடிவெடுத்தது. பள்ளம் தோண்ட வந்த கான்ட்ராக்டர் கொஞ்சம் சோம்பேறி. ரோட்டைத் தோண்டுவானேன் என்று, ஏரிக்குத் தண்ணீர் வருகிற வரத்துக் கால்வாயிலேயே கேபிளைப் போட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டார். கால்வாயில் கிடந்த கேபிளுக்குக் கால்வாயின் குணம் வந்துவிட்டது என்று பிற்பாடு பலரும் சொன்னார்கள். வேறு விளக்கம் இதுவரை கிடைக்கவில்லை.

பஞ்சாயத்து ஆபீசில் இன்டர்நெட் பெட்டி வைத்து விளக்கு எரிந்த அன்று, தலைவர் காவேரி கிராம சபையைக் கூட்டினார். இனாமாக வந்த பண்டத்தை எப்படிப் பங்கு வைப்பது என்பது கேள்வி. ஊருக்குத் தெரிந்த பங்கு ஒன்றுதான், ஏரித் தண்ணீர்ப் பங்கு. கடைமடை வயலுக்கு முதல் முறை, தலைமடைக்குக் கடைசி முறை. மேட்டிலிருப்பவன் முதலில் எடுத்தால் கீழே இருப்பவனுக்குச் சேறுதான் மிஞ்சும் என்பதால் வந்த வழக்கம் அது. முறை வைத்து மடை திறக்கிற நீர்க்கட்டி நாகப்பன் ஏரி வற்றியதிலிருந்து ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்றுகொண்டிருந்தார். அவரையே கூப்பிட்டுப் பெட்டியின் ஸ்விட்ச்சை ஒப்படைத்தார்கள். ஒரு வீடு எடுத்தால் அடுத்த வீட்டுக்குக் குறைந்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆகவே முறை வந்தவர்கள் வேலையை முடித்ததும் சட்டென்று அணைத்தார்கள். ரேஷன் கார்டு திருத்தம், மகளுக்குக் காலேஜ் விண்ணப்பம், துபாயில் இருக்கும் தம்பியிடம் இரண்டு வார்த்தை. கிரிக்கெட் பார்த்த பையன்கள் தெருவே கூடித் திட்டியதில் அடங்கிப் போனார்கள். தப்புதான், ஆனால் ஏரிக்குக் கீழே பிறந்தவர்கள் செய்யக்கூடிய தப்பு. எடுக்காமல் விட்டதெல்லாம் கால்வாய் வழியே ஏரிக்குப் போய்த் தேங்கியது.

ஊரின் கடைமடை வீடு செந்தாமரையுடையது. அவள் செல்போன் லைனில் இருந்தாள், கணவன் அன்பு கார் பாகம் செய்கிற கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். அவள் பகல் என்றால் அவன் இரவு, அவள் இரவு என்றால் அவன் பகல். வாசற்படியில் ஒருவர் செருப்பை மாட்டும்போது மற்றவர் கழற்றுவார். மகள் கனிஷ்காவோடு யாராவது ஒருவர் இருந்தாக வேண்டியிருந்தது. கனிஷ்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அரசாங்கக் காப்பீட்டில் ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி வைத்திருந்தார்கள். “காது நாங்க குடுத்துட்டோம்மா, பேச்சை நீங்கதான் குடுக்கணும். ஆறு வயசுக்குள்ள வரணும், அதுக்கப்புறம் ரொம்பக் கஷ்டம்,” என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அந்தப் பேச்சைக் கொடுக்கிற டீச்சர் சசிகலா இருந்தது சென்னையில். பஸ் மாறி மாறிப் போய்வந்தால் ஒரு நாள் போகும், நாள் போனால் லீவு, லீவு சேர்ந்தால் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு வேலையே இருக்காது. எனவே பஞ்சாயத்து ஆபீசில் திரைக்கு முன்னால் பிள்ளையை உட்காரவைத்துப் பாடம் நடந்தது. செந்தாமரை முதுகுப்பக்கம் நின்று தட்டைத் தட்டுவாள். கேட்டால் கனிஷ்கா ஒரு மணியை எடுத்து டப்பாவில் போட வேண்டும். கருவி வைத்தவுடனேயே பிள்ளை பேசிவிடும் என்று செந்தாமரை நம்பியிருந்தாள். மாதக்கணக்கில் டப்பாவில் மணிதான் விழுந்தது. அவளுக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது, அன்புவிடம்கூட அதைச் சொல்லவில்லை. தலைமடை வீட்டுப் பாஞ்சாலிதான் முதலில் தன் முறையையும் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் விட்டார்கள்.

ஏரி கரை தொட்ட வருஷம், கண்ணப்பன் என்கிற அதிகாரி விசாரணைக்கு வந்தார். போட்ட செலவுக்குத் தக்க பயன் இருக்கிறதா என்று பஞ்சாயத்து பஞ்சாயத்தாகப் பார்த்துவருவது அவர் வேலை. பூவந்தாங்கலில் ஊரே பயன்படுத்தியதைக் கூட்டினாலும் நகரத்தில் ஒரு வீட்டுக்குக் காணாது. கெட்ட மனிதர் அல்ல, நிழலில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துக்கொண்டே பொறுமையாக விளக்கினார்.

“இது தண்ணி இல்லீங்க. ஒருத்தர் எடுத்தா இன்னொருத்தருக்கு இல்லாம போயிடாது. நீங்க மிச்சமே பிடிச்சிருக்கக் கூடாது.”

“எட்த்தாலும் கொறையாத பண்டம் ஒண்ணு கீதா சார்?” என்று நாகப்பன் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அதிகாரி சொன்னது மெய்தான் என்று ஊருக்குப் புரிந்தபோது எல்லோருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. பந்தியில் போதும் போதும் என்று கையால் மறித்துவிட்டு, உள்ளே அண்டா நிறையச் சோறு வீணாய்ப் போனதைக் கேட்டது மாதிரி இருந்தது. பிறகு காவேரி அவரை ஏரிக்குக் கூட்டிப்போனார். கண்ணப்பன் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வெகுநேரம் நின்றார். கரையேறியதும் கால் நனையவில்லை என்பதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஏரி நீர்வளத் துறையுடையது, இன்டர்நெட் தன் துறையுடையது, ஏரியில் கிடக்கிற இன்டர்நெட் யாருடையது என்று தனக்குத் தெரியவில்லை, எழுதினால் மேலே சிரிப்பார்கள் என்றார். கனிஷ்காவின் பாடத்தைப் பற்றிக் காவேரி சொன்னதும், இவ்வளவு செலவும் கடைசியில் ஒரு குழந்தைக்காகவா என்று மெதுவாகக் கேட்டார்.

“அதுக்குப் பேச்சு வரட்டும் சார்,” என்றார் காவேரி. “வந்ததும் அவ கையிலயே கேட்டுக்கலாம்.”

ஊருக்குள்ளேயே இதற்கு ஒரே பதில் இருந்ததாகச் சொல்ல முடியாது. கேபிளுக்குப் போட்டதில் துணை சுகாதார நிலையத்துக்கு ஒரு நர்ஸ் போட்டிருக்கலாமே என்று கேட்டவள் முறையை விட்டுக்கொடுத்த அதே பாஞ்சாலிதான்; அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்தக் காலத்தில் ஏரி வெட்டியவன் கணக்குப் பார்த்திருந்தால் வெட்டியிருப்பானா என்று சிலர் பெருமையாகப் பேசினார்கள். பேசுவது சுலபம். வெட்டியும் ஒரு போகம்கூட விளையாத ஏரிகள் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன, அவற்றைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை. எந்த ஏரி எப்படி ஆகும் என்று வெட்டுகிற அன்றைக்குத் தெரிவதில்லை என்பதுதான் தொல்லை.

கண்ணப்பன் உள்ளது உள்ளபடி எழுதினார்: பயன்பாடு மிகக் குறைவு. அடுத்த பருவத்தில் சாலையை அகலப்படுத்த வந்த ஜேசிபி கால்வாய்க்குள் இறங்கிக் கேபிளை அறுத்தது. பயன் அதிகமுள்ள ஊர்களுக்கு முதலில், குறைவான ஊர்களுக்கு அப்புறம் என்று பழுதுபார்க்கும் வரிசை போட்டார்கள். தலைமடைக்கு முதல் முறை என்கிற அந்த வரிசையில் பூவந்தாங்கல் கடைசிக்கும் கடைசி. பெட்டியில் விளக்கு அணைந்தது. கனிஷ்காவுக்கு அப்போது ஐந்து வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று சத்தங்கள் சொல்லுவாள்: ஆ, ஊ, ம். பாடம் நின்றதும் முதலில் ஊ போயிற்று. அன்று செந்தாமரை காவேரி வீட்டு வாசலில் நின்று, அழாமல், “அக்கா, வந்ததும் போவுதுக்கா,” என்று மட்டும் சொன்னாள்.

ஏரியில் இருப்பதைத் திறந்துவிடலாம் என்று நாகப்பன்தான் சொன்னார். மதகு துருப்பிடித்திருந்தது, அடித்துத் திறக்கலாம். ஆனால் கடைமடைக்குப் போகிற வாய்க்காலின் பாதியை மனைக் கற்கள் நட்டு மூடியிருந்தார்கள். ஓவர்டைமை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் கூடி அதைத் தோண்டியது. மனை வாங்கியவர்கள் கார் போட்டுக்கொண்டு வந்து சண்டை பிடித்தார்கள், குழந்தையைப் பார்த்துவிட்டுச் சிலர் திரும்பிப் போனார்கள், சிலர் போகவில்லை. அந்த இடங்களில் வாய்க்கால் வளைந்து போகிறது. எடுத்தாலும் குறையாதது கேபிளில் வந்ததுதான். ஏரியில் தேங்கியது குறையும், அதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். ஆகவே கடைமடைப் பிள்ளைக்குப் பேச்சு வரும்வரை வேறு யாருக்கும் முறை கிடையாது என்று தீர்மானமாயிற்று. பாஞ்சாலியின் மகன் சுபாஷ் சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குக் கரையில் உட்கார்ந்து வீடியோ பார்த்துப் படித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மாவோடு ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு தினம் சிக்னல் கிடைக்கிற சேரப்பணஞ்சேரிக்குப் போய்ப் படித்தான். அந்த வருஷம் தேறவில்லை. பாடம் நின்றுபோனதால்தான் என்று அவன் சொன்னதை யாரும் மறுக்கவில்லை.

மதகைத் திறந்த அன்று கலங்கலான அந்த வெளிச்சம் சத்தமில்லாமல் வந்து செந்தாமரை வீட்டு வாசலில் கணுக்கால் அளவுக்கு நின்றது. அதன் நடுவில் முக்காலி போட்டு, முக்காலி மேல் போனை வைத்ததும், சசிகலா டீச்சரின் முகம் தெரிந்தது. இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று அவர் கேட்டார். லைன் ரிப்பேர் என்று செந்தாமரை சொன்னாள், அதுவும் பொய்யில்லை. மாசத்துக்கு மாசம் ஏரி இறங்கியது. கரையோரக் கருவேல மரங்களில் அது இறங்கிய அடையாளம் கோடு கோடாகத் தெரிந்தது. ஊ திரும்பி வந்தது. பால் வந்தது, பஸ் வந்தது. ‘என்ன’ என்று சொல்லவைக்க டீச்சர் பலநாள் பாடுபட்டார், பிள்ளை தெருவில் கேட்டபடி ‘இன்னா’ என்றே சொன்னது. சரி, அதுவும் தமிழ்தான் என்று டீச்சர் விட்டுவிட்டார். அப்பா என்பதை அன்பு செருப்பை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் சொன்னாள். அவன் அன்று கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டான். ஆறு வயது முடிந்த கோடையில் மதகடிப் பள்ளத்தில் ஒரு குட்டை அளவுக்குத்தான் மிச்சமிருந்தது. அதையும் திறந்துவிட்டு வாசலில் கடைசிப் பாடம் நடந்தது. இனிமேல் நான் தேவையில்லை என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே படம் கலைந்து, வாசல் காய்ந்தது.

ஐப்பசியில் மழை பெய்து ஏரியில் சாதாரணத் தண்ணீர் நிறைந்தது. கொக்குகள் வந்தன, இந்தத் தடவை போகவில்லை. கேபிளை ஒட்டவைக்க ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்தால் இந்த முறை மிச்சம் பிடிப்பதில்லை என்று ஊர் முடிவு செய்திருக்கிறது. சுபாஷுக்குத்தான் முதல் முறை.

செந்தாமரை ஒருநாள் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, சமைத்து வைத்துவிட்டு, மத்தியானம் படுத்தாள். கண் எரிந்தது. கனிஷ்கா பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். கோவிந்தம்மா வீட்டுக் கோழி, அது எந்த மரத்தில் ஏறியது, ஏன் இறங்கமாட்டேன் என்கிறது, யார் யார் கல் எறிந்தார்கள், யார் எறியவில்லை. “செத்த சும்மா இரேன்டி, தல வலிக்குது,” என்றாள் செந்தாமரை. பிள்ளை வாயை மூடிக்கொண்டது. வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதி செந்தாமரைக்குப் பழக்கமான அமைதி. ஐந்து வருஷம் அதோடுதான் குடித்தனம் நடத்தியிருந்தாள். எழுந்து உட்கார்ந்து மகளின் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள்.

“இன்னாடி நிறுத்திட்ட? பேசு. கோழி இன்னா ஆச்சி?”

கோழி இன்னும் மரத்துலதான் கீது என்று கனிஷ்கா சொன்னாள். அம்மா எழுந்துவிட்டதால் முதலிலிருந்தே சொல்லத் தொடங்கினாள்.