வாசனை இல்லாதது

மகள் தமிழ்மதி திருப்பூருக்குப் பஸ் ஏறிய மறுநாள் காலையில்தான், இனி எல்லாம் தன் தலையில் என்பது பொன்னழகுக்கு உறைத்தது.

அவருடைய மனைவி புவனேஸ்வரி எரியோட்டுக்கு வெளியே இருந்த அவர்களது முருங்கைத் தோட்டத்தில் காய் பறித்துக்கொண்டிருந்தபோது அப்படியே சரிந்தவள். பக்கவாதம் என்றார்கள். திண்டுக்கல்லில் வைத்து வைத்தியம் பார்த்ததில் உயிர் தங்கியது. வலது கையும் காலும் பேச்சும் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தமிழ்மதிதான் கூட இருந்து அத்தனையும் பார்த்தாள். லீவு முடிந்து கிளம்பும்போது, "வைப்ஸ், அந்த ஈரத்தாளு, தீந்துருச்சுப்பா. டவுன்ல வாங்கிக்கங்க. டயப்பர் மாத்துறப்ப அத வச்சுத் தொடச்சு விடணும்" என்றாள். அப்பாவிடம் அதற்கு மேல் விளக்கிச் சொல்ல அவளுக்குக் கூச்சம். கேட்க அவருக்கும் கூச்சம்.

முதலில் பழைய வேட்டியை நனைத்துத்தான் துடைத்தார். தனி ஆளாக மனைவியைப் புரட்டிப் பிடித்துக்கொண்டே பிழிந்ததில் தண்ணீர் மெத்தையெல்லாம் இறங்கியது. ஈரத்திலேயே கிடந்து அவள் தொடையிடுக்கு சிவந்து போனது. பக்கத்து வீட்டுக்காரியைச் செத்த நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டவுனுக்கு பஸ் ஏறினார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெரிய மருந்துக்கடை. ஒரு அடுக்கு முழுக்க வைப்ஸ்தான். ஒன்றில் குழந்தை சிரித்தது, ஒன்றில் ஒரு பெண் முகம் துடைத்தாள், ஒன்றில் ரோஜாப்பூ, ஒன்றில் வெறும் கை. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். மகளுக்குப் போன் போட்டார். வேலை நேரம், அவள் எடுக்கவில்லை. பழைய பாக்கெட்டையாவது எடுத்து வந்திருக்கலாம், அது குப்பையோடு போய்விட்டது.

"யாருக்குண்ணே?" என்றான் கடைக்காரன்.

பின்னால் நாலு பேர் நின்றார்கள். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேரும் இருந்தார்கள். பெண்டாட்டிக்கு, இன்ன இடத்துக்கு என்று எப்படிச் சொல்வது?

"வீட்டுக்குத்தான்."

"எதுக்கு, கை தொடைக்கவா?"

"ஆமா... கிருமியெல்லாம் நல்லாப் போறதாக் குடுங்க."

அவன் கை படம் போட்ட பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தான். கேட்டதைத்தான் கொடுத்தான்.

வீட்டில் பிரித்தபோது ஆஸ்பத்திரி வாசம் அடித்தது. நல்ல சரக்கு என்று பொன்னழகுக்குத் திருப்தி. புவனேஸ்வரியை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் துடைக்க ஆரம்பித்தார். அவளுடைய இடது கை பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் பதிந்தது. வாய் கோணித் திறந்து ஒரு சத்தம் வந்தது, அது சொல்லாக ஆகவில்லை. கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது.

கூச்சப்படுகிறாள் என்று நினைத்தார். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவர் முன்னால் சேலை மாற்றாதவள்.

"நாந்தானே புள்ள, வேத்தாளா? செத்தப் பொறு, முடிஞ்சுரும்" என்று அவள் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, சுத்தமாக, ஓரம் விடாமல் துடைத்து முடித்தார். அன்றும் அடுத்த நாட்களிலும் அப்படியே செய்தார். சிவப்பு குறையவில்லை, தோல் உரிந்தது. அழுக்குத்தான் காரணம் என்று இன்னும் அழுத்தித் துடைத்தார்.

ஒரு மத்தியானம் வீட்டையொட்டி நின்ற முருங்கையைக் கிளை கழித்துக் கவாத்து பண்ணும்போது அரிவாள் நழுவி அவர் விரலைக் கீறியது. வீட்டுக்குள் வந்து கைக்கு எட்டிய அந்தத் தாளை உருவி ரத்தத்தைத் துடைத்தார். சுரீரென்று உச்சி வரைக்கும் ஏறியது. "ஆத்தாடி!" என்று கையை உதறினார்.

உதறிய கை அப்படியே நின்றது. கட்டிலில் இருந்து புவனேஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதையா புள்ள... இதையா நான் போட்டேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் என்ன நினைத்தாள் என்று கேட்க வழியில்லை. கேட்டாலும் சொல்ல அவளுக்கு வாயில்லை.

மறுபடி டவுனுக்குப் போனார். இந்தத் தடவை சின்னக் கடையொன்றில் ஏறினார். தஹ்சீன் என்ற இளம்பெண் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் இருந்தது. பொன்னழகு பாக்கெட்டைப் பலகையில் வைத்தார்.

"எம் பொண்டாட்டி படுத்த படுக்கைம்மா. பீ, மூத்திரம் தொடைக்க இத வாங்கிட்டேன். தோலு உரிஞ்சுபோச்சு."

தஹ்சீன் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை அவர் கவனித்தார்.

"ஐயா, இதுல ஸ்பிரிட் இருக்கு. இது கைக்கு மட்டுந்தான்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "உரிஞ்ச எடத்துல இப்ப எந்த வைப்ஸும் வேணாம். காய்ச்சி ஆறவச்ச தண்ணி, மெத்துன்னு பருத்தித் துணி. தேய்க்காம ஒத்தி எடுங்க. இன்னைக்கே டாக்டர்ட்ட காட்டிருங்க. ஆறுனதுக்கப்புறம் இது." அகலமான, படமில்லாத ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தாள். "படுக்கையில இருக்க பெரியவங்களுக்குன்னே வாரது. வாசனை கெடையாது, ஸ்பிரிட் கெடையாது. முன்னாடியிருந்து பின்பக்கமாத் தொடைக்கணும், மாத்தித் தொடைக்கக் கூடாது. ஈரம் காஞ்சப்புறந்தான் டயப்பர் கட்டணும்."

"ரோசாப்பூப் போட்டதும் ஆகாதா?"

"ஆகாதுங்கய்யா. வாசனைக்குப் போடுறதே சில பேருக்கு அரிக்கும்."

அன்று சாயங்காலமே ஆட்டோ வைத்து புவனேஸ்வரியை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார், பொன்னழகைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. புண் மெல்ல ஆறியது. புதுத்தோல் வந்தது. தமிழ்மதி போனில் கேட்டபோது, "அம்மா நல்லாருக்கா, ஆத்தா" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் அவர் வைப்ஸ் பாக்கெட்டோடு கட்டிலருகே வந்தாலே புவனேஸ்வரியின் இடது கை போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "இது எரியாது புள்ள. சத்தியமா எரியாது" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். ஒரு தாளை உருவித் தன் கண்ணிமையில் ஒற்றிக் காட்டினார். உதட்டில் தேய்த்துக் காட்டினார். அவள் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கையைப் பிரித்துவிட அவருக்கு மனசு வரவில்லை. டயப்பர் நனைந்து கிடந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவளாக விடட்டும் என்று பொன்னழகு காத்திருந்தார்.