இலவசப் பதிப்பு

கிருஷாந் ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திப் பிடித்திருந்தான். அப்பா பாடிக்கொண்டிருந்தார். தேவாரத்தின் இரண்டாவது அடியில், தம் கட்டி ஒரு சொல்லை எடுக்கப்போன இடத்தில், குரல் அறுந்தது. இரைச்சல்கூட இல்லை. சிறிது நேரம் கழித்து, ஒன்றும் நடவாததுபோல அப்பா தொடர்ந்தார்.

மூன்றாம் தடவையும் அதே இடம். சுவருக்கு அப்பால், ஹோலில், அப்பா பட்டு வேட்டியோடு பெட்டிக்குள் கிடந்தார்.

கதவு தட்டப்பட்டது.

"தம்பி, கிரியையிலை சுண்ணம் இடிச்சு முடியப்போகுது. பாட்டு ரெடியோ?"

பிரகலாதன் மாமா. அம்மாவின் தமையன், கோயில் பரிபாலன சபைச் செயலாளர், மைக்கைக் கண்ட இடத்தில் தொண்டையைச் செருமுகிறவர். செத்தவீட்டை வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரலையில் காட்டக் கமெராக்காரரைப் பிடித்ததும் அவர்தான். காலையிலேயே கமெராவைப் பார்த்து, 'இசைச்செல்வர் முத்துக்குமாரு அவர்களின் தெய்வீகக் குரல் இன்னும் சற்று நேரத்தில்' என்று அறிவித்தும்விட்டார். இசைச்செல்வரான அப்பா ஆயுள் முழுக்கக் கொக்குவிலில் தண்ணீர் மோட்டர் திருத்தியவர். சுதி அவருக்கு ஒருநாளும் அகப்பட்டதில்லை. திருவிழாவில் அவர் வாயைத் திறந்தால் மைக்கை மெல்ல அப்பால் நகர்த்துகிறவரும் இதே செயலாளர்தான்.

"மாமா, பாட்டு வேண்டாம். அதிலை ஒரு பிழை கிடக்கு."

"மச்சான் எப்ப பிழையில்லாமப் பாடினவர்? போடடா. கனடாவிலை சனம் நித்திரை முழிச்சுக்கொண்டிருக்கு."

கனடாவில் தங்கை துஷாந்தினியும் விழித்திருந்தாள். விசா கிடைக்கவில்லை. "அண்ணை, அப்பான்ரை குரலை ஒருக்காப் போடு. எனக்கு அது காணும்" என்று மட்டும் கேட்டிருந்தாள். அம்மா சுடலைக்குப் போகமாட்டாள், பெண்கள் போவதில்லை. அவளுக்கும் இந்த வீட்டு வாசலோடு சரி.

பாட்டைப் பதிந்தது இதே அறையில், மாசியில். கலியாண வீடியோக்களுக்கும் உள்ளூர்ப் பாடகர்களுக்கும் ஒலி கலந்து கொடுப்பது கிருஷாந்தின் தொழில். அந்தக் கிழமைதான் புதிதாக ஓர் ஈக்குவலைசர் மென்பொருளை இறக்கியிருந்தான். குரலின் அடியையும் உச்சியையும் கூட்டிக் குறைக்கிற வேலைதான். ஆனால் திரையில் ஐம்பது வருடப் பழைய இரும்புப் பெட்டியாகத் தெரியும்: கறுத்த குமிழ்கள், ஆடுகிற ஊசி. பழைய பெட்டிகளுக்குள் போய்வந்த ஒலி சற்றே கரகரக்குமாம். அந்தக் கரகரப்பையும் கணக்குப் போட்டுச் செய்து தரும். விற்பன்னர்கள் அதற்கு 'அனலொக் சூடு' என்று பெயர் வைத்துக் கண்ணை மூடித் தலையாட்டுவார்கள். கிருஷாந்தும் ஆட்டினான்.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"பெயின்ற் உரிஞ்சு கிடக்கு."

"அது கீறினது அப்பா. பழசு மாதிரி இருக்கிறதுக்கு."

"நான் ஆயுசுக்கும் மோட்டருக்கை இருந்த கரகரப்பை எடுத்தன். நீ படிச்சுப்போட்டு அதைப் போடுறாய்."

சிரித்தார். சிரிப்புக்குப் பின்னால் இருமல் வந்தது.

அது இலவசப் பதிப்பு. வாங்காதவர்களுக்கு நினைவூட்டவென்று இடைக்கிடை சில செக்கன் ஒலியை விழுங்கிவிடும். கிருஷாந்துக்கு அது தெரியும். தெரிந்தும், இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுபோல, முதலடியையே திரும்பத் திரும்பப் போட்டுக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தான். முதலடி அற்புதமாக வந்தது. அப்படியே முழுவதையும் சேமித்தான். டிஸ்க் நிரம்பியிருந்தது. யாரோ வீட்டுச் சாமத்தியச் சடங்கு வீடியோவுக்கு இடம் தேவைப்பட, மூலப்பதிவை அழித்தான்.

இப்போது இடைவெளியை வெட்டி, இரண்டு கரையையும் ஒட்டிப் பார்த்தான். அப்பா தடக்கி விழுந்தார். முதலடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து நடுவில் செருகினான். அப்பா பாட்டை மறந்துபோனார். இரண்டையும் கலைத்தான்.

அந்த மௌனம் அவனுக்குப் புதிதல்ல. கடைசி நாட்களில் அப்பாவின் மூச்சு அப்படித்தான் திடீரென்று நிற்கும். அம்மா கத்தமாட்டாள். உள்ளங்கையை அவர் நெஞ்சில் வைத்துவிட்டுக் காத்திருப்பாள். மூச்சு திரும்பி வரும். கையை எடுத்துவிட்டு விசிறத் தொடங்குவாள். நேற்று விடிய அவள் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போயிருந்தபோது நின்றது. பக்கத்தில் கிருஷாந் இருந்தான். அவளைக் கூப்பிடவில்லை. திரும்பி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி!"

"வாறன் மாமா."

லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போனான். வயர்களைப் பொருத்தினான். வெளியே பறை ஓய்ந்தது. பெட்டி மூடியை இரண்டு பேர் தயாராகப் பிடித்திருந்தார்கள். அம்மா அப்பாவின் தோளடியில், பெட்டியோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மாமா கமெராவுக்கு முகம் தெரிகிற பக்கமாக நின்றார்.

முதலடி ஹோலை நிறைத்தது. கனத்த, சூடான குரல்.

"முத்துக்குமாரண்ணையோ உது?" என்று பின்னால் ஒருவர் கேட்டார்.

மாமா கண்ணை மூடித் தலையாட்டினார். கிருஷாந் திரையில் நகர்கிற கோட்டை மட்டும் பார்த்தான். அது அந்த இடத்தை நெருங்கியது.

குரல் அறுந்தது.

ஒன்றுமில்லாததற்கு மாமா இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார்.

"அண்ணை, சத்தம் வரேல்லையெண்டு கொமென்ற் போடுகினம்" என்றார் கமெராக்காரர் மெதுவாக.

கிருஷாந் நிமிர்ந்தான். அம்மாவின் கை பெட்டிக்குள் போயிருந்தது. மாலையை விலக்கி, அப்பாவின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்திருந்தாள். முகத்தில் ஒரு மாற்றமுமில்லை.

குரல் வந்தது. கையை எடுத்து, மாலையைச் சரிசெய்தாள்.

நாலாவது அடியில் மறுபடி அறுந்தது. கை மறுபடி போனது. குரல் வந்தது. கை திரும்பியது.

தேவாரம் முடிந்தது. மாமா மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமினார். "அடுத்ததாக..." என்றவர், அம்மாவைப் பார்த்துவிட்டு மைக்கைத் தாழ்த்தினார்.

அம்மா மறுபடி அப்பாவின் நெஞ்சில் கையை வைத்துக் காத்திருந்தாள். மூடியைப் பிடித்திருந்தவர்கள் கிருஷாந்தைப் பார்த்தார்கள். அவன் கோடு ஓடி முடிந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.