ரெண்டு நிமிஷம் பத்து நொடி

எனக்குக் கோபம் வந்தா முகம் சிவக்காது, எங்க தோலுல அதெல்லாம் தெரியவும் தெரியாது. வாய்தான் ஓடும். அந்த ஞாயித்துக்கிழமை காலையில நியூ ஆர்லியன்ஸ்ல மெம்பிஸ் ரயில் ஏறினதுலேர்ந்து என் வாய் நிக்கவேயில்ல.

"போதும்யா ஹோசியா, இஞ்சின்கூட உன்னவிடக் கம்மியாத்தான் புகை விடுது"ன்னான் அமோஸ்.

அமோஸ் டார்வர் எங்க ஆளு. ஏழு வருஷமா குத்துச்சண்டை வளையத்துல அவன் மூலையில நான்தான் நிக்கறேன். தண்ணி குடுக்கறது, ரத்தம் துடைக்கறது, கடிகாரம் பாக்கறது எல்லாம் என் வேலை. முந்தின நாள் அவனும் லெம் கெய்ன்ஸும் இருபது ரவுண்டு மோதினாங்க. லெம்தான் அப்போ கறுப்பங்கள்ல ஹெவிவெயிட் சாம்பியன். உலக சாம்பியன்னு ஒரு வெள்ளைக்காரன் இருந்தான். கறுப்பனோட வளையம் ஏறமாட்டேன்னு பேப்பர்ல சொல்லிட்டு நிம்மதியாத் தூங்கினான், மகராசன். அதனால எங்களுக்கு எட்டுன உசரம் லெம்மோட பட்டம்தான். அதுக்காக அமோஸ் அவனோட மோதினது இது அஞ்சாவது தடவை. முந்தின நாலும் சமம். சமம்னா பட்டம் பழைய ஆள்கிட்டயே தங்கிடும். அமோஸுக்கு வயசு முப்பத்தி நாலு. இன்னும் எத்தன தடவதான் உடம்பு தாங்கும்?

பதினேழாவது ரவுண்டுல அமோஸோட வலது கை லெம்மோட தாடையில இறங்குச்சு. வெட்டுன மரமாட்டம் விழுந்தான் லெம். நடுவர் எண்ண ஆரம்பிச்சாரு, பத்துக்குள்ள எந்திரிக்கலன்னா ஆள் தோத்தான். ஏழுன்னப்போ டங்குன்னு மணி! ரவுண்டு முடிஞ்சு போச்சாம், எண்ணறதும் நின்னுபோச்சு. ரவுண்டுக்கு மூணு நிமிஷம். என் கடிகாரத்துல ரெண்டு நிமிஷம் பத்து நொடிதான் ஆயிருந்துச்சு. கயித்தப் பிடிச்சுக்கிட்டு அடிவயித்துலேர்ந்து கத்தினேன். மணியடிக்கிற வெள்ளைக்காரன் அவன் கடிகாரத்த சட்டைப்பையில போட்டுக்கிட்டு, "உனக்கு மணி பாக்கத் தெரியுமாடா?"ன்னு கேட்டான்.

லெம்ம இழுத்துட்டுப் போயி, தலையில தண்ணி ஊத்தி, தேத்தி நிறுத்திட்டாங்க. அமோஸுக்கோ அந்த ஒரு அடியிலயே கை எலும்பு முறிஞ்சு போச்சு. கடைசி மூணு ரவுண்டும் ஒத்தக் கையால சமாளிச்சான். தீர்ப்பு? சமம். தூ!

இப்போ ரயிலுக்கு வர்றேன். ரெண்டு பேரோட மேனேஜருங்களும் வெள்ளைக்காரங்க, பின்னாடி மெத்தை வெச்ச பெட்டியில உக்காந்தாங்க. கறுப்பங்களுக்குன்னு இருந்தது இஞ்சினை ஒட்டி ஒரே பெட்டி. மரப் பெஞ்சு, கரித்தூள். வண்டி நகர்ற நேரத்துல ஒரு பெரிய உருவம் குனிஞ்சு உள்ள வந்துச்சு. லெம் கெய்ன்ஸ்! காலியா இருந்தது எங்களுக்கு எதிர் பெஞ்சு ஒண்ணுதான். சாம்பியனா இருந்தா என்ன, எங்க போவான்? வந்து உக்காந்தான். ரெண்டு மலையும் முட்டியோட முட்டி இடிச்சுக்கிட்டு ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தாங்க.

பக்கத்து பெஞ்சுல ஒடெஸ்ஸான்னு ஒரு அம்மா. மதியம் ஆனதும் சாப்பாடு கட்டி வெச்ச செருப்பு அட்டைப்பெட்டியத் திறந்து பொரிச்ச கோழிய எடுத்தாங்க. எங்களுக்கு ரயில்ல சாப்பாடு விக்கமாட்டாங்க, அவங்கவங்க கட்டிட்டு வந்தாத்தான் உண்டு. வீங்கின மூஞ்சி ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க.

"ஏப்பா, நீங்கதானே நேத்து அடிச்சுக்கிட்டவங்க? இதுல யாரு சாம்பியன்? இருக்கறது ஒரு தொடை. அது சாம்பியனுக்குத்தான்."

பெட்டியில எல்லாத் தலையும் எங்க பக்கம் திரும்புச்சு.

லெம் மெதுவா, "எனக்கு மெல்ல முடியாதும்மா. அவனுக்கே குடுத்துடுங்க"ன்னான்.

விடுவேனா நான்? "மெல்ல முடியலையா? ஏன் முடியலன்னு சொல்லேன்! சொல்லுடா! வாயில கொழுக்கட்டையா?"

"ஹோசியா, உக்காரு"ன்னான் அமோஸ்.

லெம் கோபப்படல. என் பக்கம் குனிஞ்சான். அப்புறம், "எனக்குத் தெரியாது"ன்னான். "அமோஸோட தோள் அசஞ்சது தெரியும். அடுத்து மூஞ்சியில தண்ணி விழுந்தது தெரியும். நடுவுல ஒண்ணுமே தெரியல. மேனேஜரக் கேட்டேன், 'மணி காப்பாத்துச்சு, பேசாம இரு'ன்னாரு. என் மூலையில இருந்தவங்களக் கேட்டேன், தரையப் பாத்தாங்க. நீ கடிகாரம் வெச்சிருந்த. அந்த ரவுண்டு எவ்வளவு?"

"ரெண்டு நிமிஷம் பத்து நொடி."

"உன் அம்மா மேல சத்தியமா?"

"அவளப் புதைச்ச மண்ணு மேல சத்தியமா."

அவன் உதடு அசஞ்சது. கணக்குப் போட்டான். "ஏழு வரைக்கும் எண்ணினாரா?"

"ஏழு."

"மிச்சம் மூணு. கையில அம்பது நொடி"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டான். தொப்பிய எடுத்து மூஞ்சி மேல கவுத்துக்கிட்டான். அட கோழைப்பயலேன்னு பல்லக் கடிச்சேன் நான்.

ஒடெஸ்ஸா அம்மா தொடைய அமோஸ்கிட்ட நீட்டினாங்க. அவன் தலையாட்டிட்டான்.

"சாம்பியனுக்குன்னு சொன்னீங்களேம்மா. அது நான்தான்னு இன்னும் யாரும் சொல்லலையே."

"பசிக்கலையாப்பா?"

"குதிரையையே திம்பேன். ஆனா இத இப்படித் திங்கமாட்டேன்."

அவங்க அத மறுபடியும் காகிதத்துல சுத்தி வெச்சுட்டாங்க. காலையிலேர்ந்து பச்சத் தண்ணிதான் அவன் வயித்துல. அவன் பிடிவாதத்த நெனச்சு எனக்குக் கோபம் வந்துச்சு.

பொழுது சாயறதுக்குள்ள மெம்பிஸ். பிளாட்பாரம் பூரா எங்க ஜனம், இருநூறு பேருக்குக் குறையாது. தந்தியில 'சமம்'னு சேதி வந்துட்டதால சாம்பியன் லெம்ம வரவேற்க நின்னாங்க. அமோஸ் இடது கையால அவன் பையத் தூக்கப் பாத்தான். அதுக்குள்ள இன்னொரு கை அத எடுத்துடுச்சு.

லெம் அந்தப் பையத் தோள்ல போட்டுக்கிட்டு இறங்கினான். அமோஸ முன்னால நடக்கவிட்டு, ஒரு அடி பின்னால வந்தான். கூட்டம் கத்தறத நிறுத்திட்டுப் பாத்துச்சு. லெம்மோட மேனேஜர் ஸ்லோகம் பின்பெட்டியிலேர்ந்து ஓடி வந்தாரு.

"லெம்! என்னடா பண்ற?"

"சாம்பியன் கை ஒடஞ்சிருக்கு சார். அவரு பையத் தூக்கிட்டுப் போறேன்."

"சாம்பியன் நீதாண்டா, மடையா! பைய கீழ போடு! போடலன்னா இனிமே ஒரு சண்டையும் கிடையாது உனக்கு!"

லெம் போடல. கடைசி ஆளுக்கும் கேக்கட்டும்னு தொண்டையத் திறந்தான். "பதினேழாவது ரவுண்டுல நான் செத்துக் கிடந்தேன். இவங்க அம்பது நொடிய முழுங்கிட்டாங்க. இந்த ஹோசியா கடிகாரத்துல இருக்கு கணக்கு." அப்புறம் அமோஸ் பக்கம் திரும்பினான். "ரொம்பப் பல்லக் காட்டாத. கை சேரட்டும். அக்டோபர்ல உன்கிட்டேர்ந்து பிடுங்கறேன்."

"வாடா"ன்னான் அமோஸ். "ஆனா மணி நம்ம ஆளு அடிக்கணும்."

"இந்த வாயாடியே அடிக்கட்டும்"னு என்னக் காட்டினான் லெம்.

வெள்ளைக்காரன் பேப்பருங்கள்ல இன்னைக்கும் அது சமம்தான். இருந்துட்டுப் போகட்டும். ஒடெஸ்ஸா அம்மா கூட்டத்த முட்டித் தள்ளிக்கிட்டு வந்து காகிதப் பொட்டலத்த நீட்டினாங்க. அமோஸ் அங்கயே நின்னு, இடது கையால, ஆறிப்போன அந்தத் தொடைய எலும்பு வரைக்கும் தின்னான்.