இரண்டு கரண்டிகளுக்கு நடுவே

"அவர் முழுங்கினதை நீ உன் கண்ணால பார்த்தியா?"

ஆஸ்பத்திரி வார்டின் பெரிய சிஸ்டர் என்னிடம் கேட்டது இந்த ஒரு கேள்விதான். நான் தலையாட்டினேன். அது பொய் இல்லை. அப்பா விழுங்கினார், நான் பார்த்தேன். ஆனால் அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு நடந்தது எதுவும் எனக்குப் பிடிபடவில்லை.

அப்பா லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே வலது பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு கையும் காலும் மெல்லத் திரும்பின. தொண்டை மட்டும் சரியாகவில்லை. தண்ணீர் குடித்தாலே புரையேறும். அம்மா வேலைக்குப் போகிறாள். எட்டாம் வகுப்போடு நின்றுபோய் வீட்டில் இருக்கிறவள் நான் என்பதால் வார்டில் துணைக்கு என்னை வைத்தார்கள். வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் என் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். நின்றதற்கு வேறு பெரிய காரணம் இல்லை. அத்தை எனக்கு வைத்திருக்கும் பெயர் தலையாட்டி பொம்மை.

வார்டில் இருபத்திரண்டு கட்டில்கள். காலை நேரத்தில் ஒரே ஒரு சிஸ்டர். அவரை நோயாளிகள் எல்லாரும் 'எக்ஸ்பிரஸ்' என்றுதான் சொன்னார்கள், அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை. அப்பாவுக்கு மாத்திரை இறங்காததைக் கண்டு முதல் நாளே எனக்கு வழி காட்டிக்கொடுத்தவர் அவர்தான். ஒரு கரண்டியில் மாத்திரையை வைத்து, இன்னொரு கரண்டியால் மேலிருந்து அழுத்த வேண்டும். பொடியானதைப் பிசைந்த வாழைப்பழத்தில் கலக்க வேண்டும்.

"இந்த ரெண்டு வெள்ளை மாத்திரையையும் இப்படிக் குடு குட்டி. சமத்தா உள்ள போயிடும்," என்றார்.

நான்காம் நாள் புதிதாக ஒரு ரோஸ் மாத்திரை வந்தது. இரத்த அழுத்தத்துக்காம். எக்ஸ்பிரஸ் சிஸ்டர் அதை அட்டையிலிருந்து பிதுக்கி ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, எங்கள் மேசையில் வைத்தார்.

"பழம் சாப்பிடறப்ப குடுத்துடு. பதினாலாம் கட்டில்ல ட்ரிப் நின்னு போச்சு, கத்தறாங்க பாரு."

கையில் இருந்த மருந்துத் தாளில் ஒரு டிக் போட்டுவிட்டு ஓடினார்.

ரோஸ் மாத்திரை லேசில் மசியவில்லை. கரண்டிகளுக்கு நடுவே வழுக்கி வழுக்கிப் போனது. எழுந்து நின்று அழுத்தினேன்.

"உன்னைக் கல் உடைக்க அனுப்பியிருந்தா இந்நேரம் மேஸ்திரி ஆகியிருப்ப," என்றார் அப்பா.

பழத்தோடு கொடுத்தேன். கசப்பு தாங்காமல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. "லிஃப்ட் கீழ போகுதும்மா, பிடி," என்றார். எப்போதும் அடிக்கிற ஜோக் என்று சிரித்தேன். பிறகுதான் அவர் நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக நிற்பதைப் பார்த்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

எக்ஸ்பிரஸ் சிஸ்டர் பறந்து வந்தார். கால்களைத் தூக்கித் தலையணை மேல் வைத்தார், ஊசி குத்தி பாட்டில் தொங்கவிட்டார். டாக்டர் வந்தார். பெரிய சிஸ்டரும் வந்தார். அப்பா கண் திறந்து, "எந்த மாடி இது?" என்று கேட்க மதியம் ஆகிவிட்டது.

அதன் பிறகுதான் குழப்பம் ஆரம்பித்தது.

"ஒரு மாத்திரைக்கு பிரஷர் இவ்வளவு இறங்காது. ரெண்டு குடுத்திருக்கணும்," என்றார் டாக்டர்.

"ஒண்ணுதான் டாக்டர். நானே நின்னு குடுத்தேன். என் கண்ணு முன்னாடிதான் முழுங்கினார்," என்றார் எக்ஸ்பிரஸ் சிஸ்டர்.

அவர் முன்னாடி இல்லையே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே பெரிய சிஸ்டர் என் பக்கம் திரும்பிக் கேட்டார். நான் தலையாட்டினேன். எக்ஸ்பிரஸ் சிஸ்டர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

நாளைக்கு அதே மாத்திரையில் அளவு குறைந்ததைக் கொடுக்க வேண்டும், பெரிய சிஸ்டர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிவிட்டுப் போனார்.

தகவல் தெரிந்து வந்த அத்தை வார்டையே இரண்டாக்கினாள். "ஓடுற ஓட்டத்துல ரெண்டைப் போட்டிருப்பா. நாளைக்குக் காலையில புகார் எழுதிக் குடுக்கறேன். அவ வேலை போகாம நான் விடமாட்டேன். ஏய் பொம்மை, நீ என்னத்தைப் பார்த்த?"

நான் தரையைப் பார்த்தேன்.

வேலை முடிந்து, தோளில் பையோடு எக்ஸ்பிரஸ் சிஸ்டர் எங்கள் கட்டிலுக்கு வந்தார். அப்பாவின் மருந்துப் பெட்டியைத் திறந்து ரோஸ் அட்டையை என் கையில் வைத்தார்.

"எண்ணிப் பாரு குட்டி. பத்துல ஒன்பது இருக்குல்ல? ஒண்ணுதானே எடுத்தேன்? எல்லாரும் கேட்டுக் கேட்டு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

ஒன்பது இருந்தன. ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்தேன், தலைதான் ஆடியது. அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் எறும்பை விடச் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. நசுக்கவோ மெல்லவோ கூடாது, முழுதாக விழுங்கவும்.

நான் நிமிர்ந்தபோது அவர் வாசலைத் தாண்டியிருந்தார்.

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சர்க்கரைக் கட்டியைக் கட்டியாகப் போட்டாலும் தூளாக்கிப் போட்டாலும் இனிப்பு ஒன்றுதானே? அப்படியென்றால் மாத்திரைக்கு மட்டும் ஏன் கூடாது? வெள்ளை மாத்திரைகளை சிஸ்டரே நசுக்கினாரே? ஒருவேளை கசக்கும் என்பதற்காக எழுதியிருப்பார்களோ?

யோசிக்க யோசிக்கச் சிக்கல் கூடியது. நசுக்கினேன் என்று சொன்னால் யார் பக்கத்தில் இருந்தது என்று கேட்பார்கள். யாரும் இல்லை என்றால் சிஸ்டர் சொன்னது பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் இரண்டு மாத்திரை கொடுத்தவர் என்ற பழி அவர் தலையில் விழும். நாளைய மாத்திரையோ மறுபடியும் என் கரண்டிக்குத்தான் வரும். நான் நசுக்காமல் கொடுத்தால் அது அப்பா தொண்டையில் நிற்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் முட்டிக்கொண்டேன்.

காலை எட்டு மணிக்குப் பெரிய சிஸ்டர் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். எழுதிய தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றாள். எக்ஸ்பிரஸ் சிஸ்டர் அன்று கிண்ணத்தை மேசையில் வைக்கவில்லை. அப்பாவைப் பெயர் சொல்லச் சொன்னார், கையில் கட்டியிருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்தார், மருந்துத் தாளைப் பார்த்தார். பிறகு மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அப்பா இருமினார். மாத்திரை அவர் உள்ளங்கையிலேயே வந்து விழுந்தது.

"என் பொண்ணுகிட்ட குடுங்க சிஸ்டர். அவதான் கல்லு உடைக்கிற ஆளு," என்றார் அப்பா.

பழக்கத்தில் எக்ஸ்பிரஸ் சிஸ்டரின் கை கரண்டிப் பக்கம் போனது.

"கூடாது."

யார் சொன்னது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொம்மை பேசுது!" என்றாள் அத்தை.

"ஏன் கூடாது?" என்று கேட்டார் பெரிய சிஸ்டர்.

"அட்டையில போட்டிருக்கு. நேத்து நான் பொடி பண்ணிட்டேன். பழத்துல கலந்து குடுத்தேன்."

"அப்ப யாரு பக்கத்துல இருந்தா?"

என் நாக்கு மறுபடியும் மேலே ஒட்டப் பார்த்தது. கரண்டிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "யாரும் இல்ல."

பெரிய சிஸ்டர் அப்பா கையிலிருந்த மாத்திரையை வாங்கி ஒரு தாளில் மடித்தார். அத்தையிடம் சொன்னார். "இது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக் கரையிற மாத்திரை. பொடி பண்ணினா ஒரு நாள் மருந்தும் ஒரே மூச்சுல உடம்புல இறங்கிடும். நேத்து நடந்தது அதான். ரெண்டு குடுக்கல, ஒண்ணுதான்."

"அப்போ..." அத்தை கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "அவ மேல தப்பு இல்லையா?"

"இல்லன்னு நான் சொல்லலியே. மருந்தை மேசையில வச்சுட்டுப் போகக்கூடாது. உள்ள போனதைப் பார்க்காம டிக் போடக்கூடாது. பார்த்தேன்னு சொல்லவே கூடாது." பிறகு என்னிடம் வந்தார். "நானும் அரைகுறையாத்தான் கேட்டேன். முழுங்கினாரான்னு கேட்டேன், எப்படி முழுங்கினார்னு கேட்கல. சரி, கரைச்சுக் குடுக்கிற மாதிரி வேற மருந்து எழுதச் சொல்றேன்."

அப்பா என்னையும் சிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

எக்ஸ்பிரஸ் சிஸ்டர் மருந்துத் தாளை எடுத்தார். நேற்றைய டிக்கின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் இரண்டு வரி எழுதி, நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டார். அவ்வளவு நிதானமாக அவர் எழுதி நான் பார்த்ததில்லை. என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்ப்பார், திட்டவாவது செய்வார் என்று நின்றேன். நான் அவரைக் காப்பாற்றினேனா, மாட்டிவிட்டேனா என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் போல் இருந்தது.

அவர் பேனாவை மூடி, தாளைப் பெரிய சிஸ்டரிடம் நீட்டினார். காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, கட்டில் வரிசையின் நடுவே வாசல் வரைக்கும் நடந்தே போனார்.