இரண்டு மழைப் பாதிகள்

என் தங்கையிடம் எதையும் நேராகச் சொல்லக் கூடாது. கிழக்கே போ என்றால் மேற்கே போவாள். கஞ்சி குடிக்காதே என்றால் இரண்டு டம்ளர் குடிப்பாள். இந்த ரகசியத்தை எட்டு வயதிலேயே கண்டுபிடித்துவிட்டவள் நான். ஜன்னலோரம் படுக்க எனக்கு ஆசையாக இருந்தால், "நீ போய் ஜன்னலோரம் படுடி" என்று ஓர் அதட்டல் போடுவேன். விருட்டென்று பாயைச் சுருட்டிக்கொண்டு சுவர் பக்கம் போய்விடுவாள். அவளை இப்படித்தான் வளர்த்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரே ஒரு தடவை இதை மறந்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை கிடைத்தது. பெட்டியோடு வாசலில் நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டு "போகாதேடி" என்று நேராகவே சொல்லித் தொலைத்தேன். போய்விட்டாள். வருஷா வருஷம் வருகிறேன் என்பாள். லீவு கிடைத்தால் டிக்கெட் கிடைக்காது, டிக்கெட் கிடைத்தால் லீவு கிடைக்காது. அன்றைக்கு "போய்த் தொலை" என்று மட்டும் சொல்லியிருந்தால் இன்றைக்கும் பக்கத்துத் தெருவில் இருந்திருப்பாள் என்று நினைத்து நினைத்து என் வாயை நானே திட்டிக்கொள்வேன். இனிமேல் அவளிடம் நேராகப் பேசுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

எனக்கு வீட்டிலிருந்தே தையல். வருஷக் கடைசி நெருங்கினால் ஜன்னலில் தொங்கவிடத் துணிப் பறவைச் சரம், கதவில் மாட்ட நட்சத்திரம், பரிசு போட்டுக் கொடுக்கச் சின்னப் பை என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அந்த மாதங்களில் சாப்பாட்டு மேசை துணிக்குச் சொந்தம். நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொள்வோம். என் வீட்டுக்காரர் செருப்பில்லாமல் நடக்க மாட்டார். குண்டூசியிடம் நிறைய அடி வாங்கியவர்.

இந்த வருஷம் மகளுக்குக் கல்யாணம் முடிவானது. பரிசாக ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைக்க வேண்டும் என்று எனக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. இருவர் படுக்கும் கட்டிலுக்கு, பன்னிரண்டு கட்டம், மாதத்துக்கு ஒன்று. இடது பாதியில் மழையும் குளிருமான ஆறு மாதம், வலது பாதியில் வெயிலும் பூவுமான ஆறு மாதம். ஆளுக்கொரு பாதி தைத்து, நடுவில் இணைத்து, பஞ்சு வைத்து முடிப்பது என்று போனில் பேசினோம்.

மழைப் பாதி எனக்கு வேண்டும். மகளின் நீலப் பள்ளிச் சீருடையை அதற்காகவே எடுத்து வைத்திருந்தேன். அதனால், "மழை மாசமெல்லாம் நீ தைச்சுடு. வெயில் எனக்கு" என்றேன்.

"சரிக்கா" என்றாள். நிச்சயம் வெயிலைத்தான் தைப்பாள்.

"கல்யாணத்துக்கு லீவு எழுதிக் குடுத்திருக்கேன்" என்று மெதுவாக ஆரம்பித்தாள். "நான் வரட்டுமாக்கா?"

வா, இன்றைக்கே வா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இந்தத் தடவை கோட்டை விடக் கூடாது.

"நீ ஒண்ணும் வர வேண்டாம். அவ்வளவு தூரம் எதுக்கு அலையுற? தைச்சதைப் பார்சல்ல போடு, போதும்."

போனை வைத்துவிட்டு எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

மூன்று மாதம் தைத்தேன். சீருடைத் துணியில் குடை, சாம்பல் துணியில் பனிமூட்டம், பழுப்பு நாடாவில் இலை உதிர்ந்த மரம். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் இதைப் பார்த்து அவள் என்ன குறை சொல்வாள் என்று யோசிப்பேன். அவளுக்கு என் தையலில் எப்போதும் ஏதாவது ஒன்று கோணலாகத் தெரியும். அந்தக் குறையைக் கேட்டு எட்டு வருஷம் ஆகிறது. மாடி அறையை ஒழித்தேன். மெத்தையை வெயிலில் போட்டேன். "சித்தி வர்றாங்களா?" என்று மகள் கேட்டபோது, "வராம எங்க போவா?" என்றேன். அவளைப் பார்க்க வேண்டும் என்பது வேளா வேளைக்கு எடுக்கும் பசி மாதிரி ஆகிவிட்டது.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மணி அடித்தது. ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். கூரியர்காரர் நின்றார். கையில் அட்டைப்பெட்டி.

அனுப்பியவர் இடத்தில் தங்கையின் பெயர். வருகிறவள் எதற்குப் பார்சல் அனுப்புகிறாள்? மகள் அதற்குள் மேசையிலிருந்த பெரிய கத்தரியை எடுத்து நாடாவை வெட்ட ஆரம்பித்தாள். "துணிக் கத்தரியை அட்டையில வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். கோபம் கத்தரி மேல் இல்லை.

கூடத்துத் தரையில் சித்தியின் பாதியை விரித்தாள். பக்கத்தில் என் பாதியையும் கொண்டுவந்து விரித்தாள். இரண்டிலும் குடை. இரண்டிலும் பனிமூட்டம். இரண்டிலும் மொட்டை மரம். இரண்டுமே இடது பாதி, இரண்டுக்குமே கரை இடது பக்கம்தான். ஒன்றை மேல் கீழாகத் திருப்பிப் போட்டால் நடு விளிம்பு சேர்ந்தது. ஆனால் அந்தப் பக்கத்துக் குடையெல்லாம் தலைகீழாக நின்றது.

"அம்மா, எனக்கு வருஷம் பூரா மழைதானா?" மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழை மாதங்களைத் தைக்கச் சொன்னேன், தைத்திருக்கிறாள். பார்சலில் போடச் சொன்னேன், போட்டிருக்கிறாள். வேறென்ன சொன்னேன் என்பதும் நினைவுக்கு வந்தது. உடனே போன் போட்டேன்.

"பார்சல் வந்துதாக்கா? எப்படி இருக்கு?"

"என்னடி தைச்சு வச்சிருக்க?"

"நீ சொன்னதைத்தானே? மழை மாசம்."

"நான் சொன்னா நீ கேக்கணுமா? பொறந்ததுலேருந்து எப்பவாவது கேட்டிருக்கியா?"

அந்தப் பக்கம் ஏதோ தள்ளுவண்டி கடகடவென்று உருண்டு போயிற்று.

"அன்னைக்குப் போகாதேன்னு சொன்ன. கேக்கல. வந்த மொத வாரமே நீ சொன்னதுதான் சரின்னு எனக்குப் புரிஞ்சுடுச்சு. இனிமே அக்கா என்ன சொன்னாலும் அப்படியே கேக்கணும்னு அப்பவே நெனச்சுட்டேன். இங்க என்னை அதட்ட யாருக்கா இருக்கா? ஊசி போட்டாக்கூட தேங்க்ஸ்தான் சொல்றாங்க."

"அப்போ அந்த லீவு?"

"வேண்டாம்னு நீ சொன்னதும் எழுதிக் குடுத்ததைத் திருப்பி வாங்கிட்டேன். அதை இன்னொருத்தி எடுத்துக்கிட்டா. நேத்தே ஊருக்குக் கிளம்பிட்டா. நீ வேண்டாம்னு சொல்லுவேன்னு நான் நெனக்கவே இல்லக்கா. அந்த ஆறு கட்டத்தையும் அழுதுக்கிட்டேதான் தைச்சேன்."

அவள் புறப்பட்டுப் போன நாளில் ஆளுக்கொரு பாடம் கற்றிருக்கிறோம். நான் நேராகப் பேசக் கூடாது என்று, அவள் சொன்னதைத் தட்டக் கூடாது என்று. இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்பது தரையில் கிடந்தது. சாமர்த்தியசாலி என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்த என்னை ஓங்கி ஓர் அறை அறையலாம்போல் இருந்தது.

"அடுத்த லீவு எப்போ கிடைக்கும்?" என்றேன்.

"ரெண்டு மாசம் ஆகும். கல்யாணமெல்லாம் முடிஞ்சு உன் பொண்ணும் புது வீட்டுக்குப் போயிருப்பாளே. அப்புறம் நான் எதுக்கு வரணும்?"

பழக்க தோஷம், "ஆமா, எதுக்கு" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன். ஊசியில் நூல் கோக்கிற நேரம்கூட ஆகியிருக்காது, ஆனால் எனக்கு வியர்த்துவிட்டது.

"எனக்காக வா" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. மகள் சிரிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "உன்னைப் பாக்காம என்னால இருக்க முடியலடி. வா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவை சொல்லுக்கா" என்றாள்.

சொன்னேன்.