கும்பிட்ட மிஷின்

ஆயுத பூஜையன்று அரிவாள்மணைகூட ஓய்வெடுக்கும். ஆவடிப் பட்டாளத் துரைக்கு அதையெல்லாம் யார் சொல்வது? சாயங்காலம் பார்ட்டியாம், பங்களாப் புல்லை வெட்டியே தீரவேண்டுமாம். ஊருக்கு ஒரு வழி என்றால் அந்த மனுஷனுக்கு ஒரு வழி.

தோட்டக்காரன் துலுக்கானம் எதிர்த்துப் பேசவில்லை. பேசினால் வேலை போகும். அவன் பெண்டாட்டி வேம்புலியம்மாளுக்குத்தான் அந்தப் புல்வெட்டும் மிஷினைக் கண்டாலே பயம். தள்ளினால் சக்கரத்தோடு கத்தி உருளையும் சேர்ந்து சுற்றும் மிஷின் அது. இவனுக்கு முன்னால் தோட்டம் பார்த்த எத்திராஜ், சிக்கிய புல்லைக் கையால் இழுத்து மூன்று விரலைப் பறிகொடுத்தான். புண் புரையோடி ஒரு மாசத்தில் போயும் சேர்ந்தான்.

அதனால் காலையிலேயே மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் நசுக்கினாள். பிறகு புல்தரை முழுக்கக் குனிந்து நடந்து கல் பொறுக்கினாள். கல் பட்டால் கத்தி துள்ளும்.

கிணற்றோரம் ஈரப்புல் சிக்கி மிஷின் நின்றது. சிக்கினால் துலுக்கானம் சக்கரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு, குச்சியால்தான் புல்லைத் தள்ளுவான். கையை உள்ளே விடவே மாட்டான். வழக்கம்போல அன்றும் காலைத் தூக்கினான்.

“இன்னா மாமா இது? கும்புட்டது மேல காலு வெப்பியா? இன்னிக்கு அது சாமி.”

“மிதிக்கலன்னா உருளுமேடி.”

“நான் புட்ச்சிக்கினு கீறேன்.”

கைப்பிடியை இறுகப் பற்றினாள். குச்சி பட்டென்று முறிந்தது. வராந்தாவில் துரை கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஆடாம புடி, இன்னா?” என்று சொல்லிவிட்டுத் துலுக்கானம் கையை உள்ளே விட்டான்.

சமதரை. காற்றுகூட இல்லை. ஆனாலும் கைப்பிடி மெல்ல முன்னால் நகர்ந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் இழுத்தாள். அப்போது அவள் வலது கையின்மேல் இன்னொரு கை வந்து அழுந்தியது. உள்ளங்கை சில்லென்றிருந்தது. விரல் இரண்டுதான் இருந்தது.

சாமி குற்றமாவது ஒன்றாவது! கைப்பிடியை விட்டுப் பாய்ந்தவள், குங்குமம் வைத்த சக்கரத்தை ஓங்கி மிதித்தாள். துலுக்கானம் வெடுக்கென்று கையை இழுத்தான். ஒரு நகம்தான் போயிருந்தது.

“வந்துட்ச்சி, கை வந்துட்ச்சி. நீ காலை எடு.”

அவள் எடுக்கவில்லை.

“எடுடி. துரை பாக்குறாரு.”

“நீ எட்டப் போ மாமா. கைய மடியில வெச்சிக்கினு எட்டப் போ.”

துலுக்கானம் கைப்பிடியைப் பார்த்தான். அதை யாரும் பிடித்திருக்கவில்லை. அவள் பாதத்தடியில் மட்டும் சக்கரம் விடாமல் முன்னால் நெட்டிக்கொண்டிருந்தது.