திரும்பி நடந்த உப்பு மூட்டைகள்

2005 வைகாசி மாதம், ரேணுகா விற்ற உப்பு மூட்டைகளில் முப்பத்தாறு தாமாகவே நடந்து மரக்காணத்துக்குத் திரும்பி வந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிக்கு வழிவிட்டு ஓரமாகத்தான் வந்தன. களைத்துப்போன சில மூட்டைகள் பஸ்ஸில் ஏறிவிட, முழு டிக்கெட்டா அரை டிக்கெட்டா என்று தெரியாமல் கண்டக்டர்கள் தலையைச் சொறிந்தார்கள். வந்தவை அவளுடைய கொட்டகை வாசலில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. புருஷன் தவறிப்போன பிறகு அந்த உப்புக் கொட்டகையை ஒற்றை ஆளாக இழுத்துப் பிடித்து நடத்தியவள் ரேணுகா. அவளிடம் பதினோரு பெண்கள் வேலை பார்த்தார்கள். மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை கிடையாது, அவர்கள் வீடுகளில் பாதிநாள் அடுப்பும் எரியாது. சென்னைக் கம்பெனி ஒன்று மழைக்காலம் முழுக்க பாக்கெட் போடுகிற வேலை தருகிறேன் என்றது. ஒரே நிபந்தனைதான்: ஒரு மாதமாவது ஒரு மூட்டைகூடத் திரும்பி வரக்கூடாது.

மூட்டை பேசாது. வாங்கினவர்களோ அதைவிட மோசம். நேரில் கேட்டால் "ஒரு கொறையும் இல்லம்மா" என்பார்கள், அடுத்த தடவை சத்தமில்லாமல் வேறு கொட்டகைக்குப் போய்விடுவார்கள். அதனால் ரேணுகா ஒவ்வொரு மூட்டையையும் கூட்டிக்கொண்டு அதனதன் இடத்துக்கே போனாள். எதுவும் கேட்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். கருவாடு போடும் குப்பம்மாள் வீட்டில் பொடி உப்பு மத்தியானத்துக்குள் கரைந்து ஓடிவிட்டது, மீனில் ஈ மொய்த்தது. அவளுக்குப் பெரிய கல்லாகப் பார்த்து அனுப்பினாள். ஐஸ் கம்பெனிக்கு மண் சேராமல் மேலாக வாரிய உப்பு. கோட்டக்குப்பத்து பிரியாணி மாஸ்டருக்கு உப்பில் குறையே இல்லை, பாவம், பெரிய மூட்டையைத் தூக்க அவருக்கு இடுப்பில் தெம்பில்லை. சின்ன மூட்டையாகக் கட்டிக் கொடுத்தாள். திரும்பியவற்றை மாதாமாதம் எண்ணிச் சுவரில் கரியால் எழுதினாள்: முப்பத்தாறு, பத்தொன்பது, ஏழு. நடுவில் ஒரு மழைக்காலம் பசியோடு போனது. 2006 சித்திரையில் ஒன்றே ஒன்றுதான் திரும்பியது.

அது குயிலாப்பாளையத்தில் துணிக்குச் சாயம் போடும் ராஜவேலின் மூட்டை. சாயம் துணியில் நன்றாகப் பிடிக்க உப்பு வேண்டும். நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் மூச்சு வாங்கும் மனுஷன். முதலில் உப்பில் மண் இருந்து துணியில் புள்ளி விழுந்தது. ரேணுகா சலித்துக் கொடுத்தாள், புள்ளி நின்றது. மூட்டை மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அவளே கொண்டுபோய் இறக்கி, நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவாள். மூன்றாம் நாள் அது கொட்டகை வாசலில் வந்து நிற்கும்.

"அந்தாளுக்கு விக்காதீங்கக்கா, சொவுத்துல சைபர் போட்டுரலாம்" என்றாள் கொட்டகையில் வேலை பார்க்கும் சின்னப்பாப்பா.

"நம்மள நம்பி வாங்குறவர தொரத்திட்டு இன்னாடி சைபரு?" என்று ரேணுகா சீறினாள்.

வைகாசியில் போனபோது ராஜவேலின் பட்டறையில் இன்னொரு நாற்காலி வந்திருந்தது. ஆனியில், அவள் வாய்விட்டுச் சொல்லாமலே, காபியில் அவளுக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை குறைந்திருந்தது. ஆடியில், உப்புத் தண்ணீரில் வெடித்துப்போன அவள் பாதங்களுக்கென்று ஒரு பேசின் நிறைய வெதுவெதுப்பான நல்ல தண்ணீர். காலை உள்ளே வைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. யார் யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தவளை, உனக்கு என்ன வேண்டும் என்று இதுவரை ஒருத்தரும் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அந்த மூட்டையும் மூன்றாம் நாள் திரும்பிவிட்டது.

மழைக்கு முன் கம்பெனி கணக்குப் பார்க்க மிச்சமிருந்தது ஆவணி ஒன்றுதான். மூட்டையை இறக்கியதும் ரேணுகா முதல்முறையாகக் கேட்டேவிட்டாள்: "ஒங்களுக்கு இன்னாதாங்க வேணும்?"

அவன் துணியை அலசி முடித்து, பிழிந்து, கொடியில் போட்டான். "ஒவ்வொரு வாட்டியும் கெளம்பிடுறீங்க" என்றான். "அதாங்க."

ஆவணி கடைசித் தேதியில் கம்பெனிக்காரர் வந்து கொட்டகை வாசலைப் பார்த்தார். துடைத்து வைத்தாற்போல் இருந்தது. கையெழுத்துப் போட முதலாளியம்மா எங்கே என்று கேட்டார்.

"குயிலாப்பாளையத்துல மூட்டைய வுட்டுட்டு வர்றேன்னு போனாங்க சார், நாலு நாளாச்சு" என்றாள் சின்னப்பாப்பா. "மூட்டையும் வரல, அவங்களும் வரல."

அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குயிலாப்பாளையத்துக்கு எந்த பஸ் போகும் என்று விசாரித்தார்.